டோக்கியோ – லண்டன், வழி ஆங்கரேஜ்

ஆங்கரேஜ்
12 அக்டோபர் 1989

அன்புள்ள தம்பி யசுனோரிக்கு,

அக்கா கினுயோ எழுதுவது. அங்கே மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். கடிதத்தைப் பருவம் பற்றிச் சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்று நம் ஊர் மருகாமே பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இலையெல்லாம் எப்போதோ கொட்டிவிட்டது. இன்று காலை கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டியதில் என் விரல் மரத்துப்போனது. பருவம் பற்றிய பேச்சு இத்தோடு போதும். நான் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் ஃபுசாயேவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் நீ வந்துபோனாய். வழக்கம்போல ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸைக் காலி செய்தாய், "நல்லாருக்கு" என்றாய், கடிகாரத்தைப் பார்த்தாய், ஓட்டலுக்குத் தூங்கப் போனாய். பதினாறு வருஷமாக இந்த விமான நிலையத்தில் நான் நூடுல்ஸ் கிண்டுகிறேன். அதில் பாதி வருஷங்களாக நீ இங்கே விமானத்தைக் கொண்டுவந்து இறக்குகிறாய். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். இதுவரை உருப்படியாக ஒரு வார்த்தை பேசியிருப்போமா? போனிலும் நீ 'ம்' கொட்டுவதோடு சரி. அதனால்தான் கடிதம்.

நேற்று லண்டன் போகிற ஒரு கனவான், பாதித் தூக்கத்தில் என் கவுண்டருக்கு வந்தார். "ஏம்மா, இப்ப ராத்திரியா, காலையா?" என்று கேட்டார். டோக்கியோவில் ராத்திரி ஏறி அதே தேதியின் காலையில் வந்து இறங்கியிருக்கிறீர்கள், ஒரு நாளில் இரண்டு காலைச் சாப்பாடு கிடைக்கும் பாக்கியம் எல்லாருக்கும் வராது என்று சொல்லி ஒரு கிண்ணத்தை நீட்டினேன். அப்புறம் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன். "இவ்வளவு தூரம் குலுங்காம கொண்டாந்து விட்டது யாருன்னு தெரியுமா? என் தம்பி." (அன்றைக்கு ஓட்டியது நீ இல்லை. இருந்தால் என்ன, எல்லாருக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.)

அவர் செய்தித்தாளை விரித்துக் காட்டினார். இரண்டே பேர் ஓட்டக்கூடிய புது விமானம் வருகிறதாம். ரஷ்யாவின் மேலாக ஒரே மூச்சில் லண்டன் போகுமாம். இப்போதே சில விமானங்கள் அப்படிப் போகின்றன, இனிமேல் எல்லாமே அப்படித்தான் என்று போட்டிருந்தது. "இனிமே உங்க கடைக்கு நாங்க வரமாட்டோம் போலிருக்கேம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நிஜமா தம்பி? நிஜமென்றால் அதை ஓட்டுவதற்கு உன்னைத்தானே கேட்டிருப்பார்கள்? உன்னைவிட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? எப்போது என்று எழுது. வருகிறவர் போகிறவரிடம் சொல்ல எனக்குப் புது விஷயம் வேண்டும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா கினுயோ


நரிதா
9 நவம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

காலைக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கியிருக்கும் இந்நாட்களில் நீ நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நாங்கள் இருவரும் நலம். முழங்காலை மருத்துவரிடம் காட்டு. முணுமுணுக்கிறது என்று நீ எழுதினால் கத்துகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

செய்தித்தாளில் வந்தது உண்மை. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, டோக்கியோவில் ஒரு நூலின் முனையை வைத்து லண்டன்வரை இழுத்துப் பிடித்துப் பார். நூல் சைபீரியாவின் மேல்தான் கிடக்கும். ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ரஷ்யர்கள் தங்கள் வானத்தை அளந்து அளந்துதான் திறந்தார்கள், பழைய விமானங்களுக்கும் அவ்வளவு தூரம் மூச்சுப் பிடிக்காது. அதனால்தான் இத்தனை காலம் கிழக்கே அலாஸ்காவுக்கு வந்து, எண்ணெய் நிரப்பி, துருவத்தைத் தாண்டிப் போனோம். உன் வழியாகப் போனால் மூவாயிரம் கிலோமீட்டர் கூடுதல். நின்று கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் பதினேழு மணி நேரம். புது விமானம் பன்னிரண்டில் போய்விடும்.

அதற்கு விமானிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். அதை நல்ல முறையில் பரிசீலித்து வருகிறேன்.

கவுண்டரில் கூட்டம் எப்படி? அதிக நேரம் நிற்காதே.

தம்பி யசுனோரி


ஆங்கரேஜ்
24 நவம்பர் 1989

தம்பிக்கு,

நான் நலம், முழங்கால் நலம், குளிர் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'நல்ல முறையில் பரிசீலித்து வருகிறேன்' என்று எழுதியிருக்கிறாயே, யாரிடம்? நான் என்ன உன் கம்பெனி மேலாளரா?

நம் வீட்டு முன்னால் இருந்த வாய்க்காலுக்கு ஒரு பாலம் கேட்டு அப்பா நகராட்சி அலுவலகத்துக்குப் போனது நினைவிருக்கிறதா? நீ அப்போது பொடியன், இருக்காது. அங்கே இருந்தவர் எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்து, நல்ல முறையில் பரிசீலிப்பதாகச் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாலம் வராது. பரிசீலிக்கிறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, கொல்லையில் கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்காலின் குறுக்கே போட்டார். அந்தப் பலகைமேல் நடந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். நகராட்சி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் சொல்வது இது. நீ முடியாது என்று சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் ஏன்?

இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. கிண்ணம் கழுவ நேரமில்லை. உன் பதில் வரும்வரை உன் கிண்ணத்தில் மீன் அப்பளம் கிடையாது.

கினுயோ


நரிதா
5 டிசம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டின் கடைசி மாதம், எல்லாரும் ஓட்டமாக ஓடும் காலம். நலமா? எங்கள் விமானப் பொறியாளர் ஷியோமி அண்ணன் அடுத்த வாரம் அங்கே வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கமலா ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறேன். நம் ஊர்ப்பக்கத்துப் பழம். மேலே உள்ளவை கொஞ்சம் புளிக்கும், அடியில் உள்ளவற்றை முதலில் சாப்பிடு. ஃபுசாயே கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள். அதுவும் பெட்டியில் இருக்கிறது.

இந்த மாதம் எனக்கு ஹவாய்ப் பக்கம் வேலை போட்டிருக்கிறார்கள், அங்கே வர முடியாது. குளிரில் வெளியே போகாதே.

தம்பி யசுனோரி


நரிதா
20 டிசம்பர் 1989

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஃபுசாயே வணங்கி எழுதுவது. உங்கள் ஊருக்கு அருகில் எரிமலை வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து இங்கே எங்களுக்கு நிம்மதி இல்லை. சாம்பல் விழுகிற நாட்களில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். உங்கள் உடல்நலத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபப்பட மாட்டார், பேசாமல் இருப்பார். அது கோபத்தைவிட மோசம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

புது விமானத்தின் முதல் தலைமை விமானிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. செப்டம்பரிலேயே கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சைபீரியாவின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, சோறு ஆறிப்போகிறவரை ஆறுகளின் பெயர்களை எனக்குப் படித்துக் காட்டினார். லீனா, எனிசேய், ஓப் என்று. நான் அவரை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகிக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் என்ன சூழ்நிலை என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியில் நேராகவே கேட்டேன். "அந்த விமானம் ஆங்கரேஜ்ல நிக்காது, ஃபுசாயே" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. பிப்ரவரி கடைசிவரை மனம் மாறினால் சொல்லலாம் என்று மேலதிகாரி அவருக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார். என் பேச்சு அவரிடம் எடுபடாது. அதனால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

புத்தாண்டு உங்களுக்கு நல்லதாக அமையட்டும்.

ஃபுசாயே


ஆங்கரேஜ்
4 ஜனவரி 1990

யசுனோரிக்கு,

புத்தாண்டு வாழ்த்து ஒன்று வழக்கப்படி சொல்லவேண்டும், சொல்லியாகிவிட்டது. எரிமலை துப்பின சாம்பலால் பண்டிகை நேரத்தில் விமானங்கள் சரியாக வரவில்லை. நிஷிவாகி முதலாளி காலி நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டார். எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

நீ விலகிக்கொண்டது எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே, எரிமலை சொன்னது என்று வைத்துக்கொள்.

குடும்பச் சூழ்நிலையாமே. அந்தச் சூழ்நிலையின் பெயர் கினுயோதானே? ஏண்டா, உன் வழியில் வந்து குறுக்கே படுத்துக்கொண்டேனா நான்? என்றைக்காவது, மாதம் தவறாமல் வந்து என் முகத்தைப் பார் என்று கேட்டேனா? அப்பா உன்னை உப்பளத்துக் கணக்கு வேலையில் சேர்க்கப் பார்த்தபோது, விமானப் பள்ளித் தேர்வுக்கு உன்னைப் படகில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனவள் நான். படகில் நீ வாந்தி எடுத்தாய். இவனா பறக்கப்போகிறான் என்று படகே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட எனக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை.

இந்தக் கவுண்டரில் தினம் முன்னூறு பேரிடம் உன் பெயரைச் சொல்கிறேன். விலகிக்கொண்டவனின் அக்கா என்று யாராவது என்னைச் சொன்னால் அந்த முன்னூறு பேர் முகத்தில் எப்படி முழிப்பேன்? எனக்கு வேண்டியது உன் அனுதாபம் இல்லை.

ஒழுங்காகப் போய்ப் பெயரைக் கொடு.

கினுயோ


நரிதா
19 ஜனவரி 1990

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் உச்சத்தில் இருக்கும் காலம். உன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன். நலமாக இரு, முதலில் அது.

நீ கேட்டதால் சொல்கிறேன். அத்தான் இறந்த அன்று எனக்குத் தந்தி வந்தது. மறுநாள் என் பணிப் பட்டியலில் ஆங்கரேஜ் இருந்தது. அது தற்செயல், அக்கா. அந்த வாரம் எனக்கு சிட்னி போட்டிருந்தால் நீ தனியாகத்தான் நின்றிருப்பாய். நான் வந்தபோது நீ கல்லறை வாசலில் கறுப்புக் கோட்டுக்கு மேல் கடையின் ஏப்ரனோடு நின்றிருந்தாய். அவிழ்க்க மறந்துவிட்டாய். யாரும் உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு அங்கே உன் ஆள் ஒருவரும் இல்லை. நான்தான் பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்தேன். அதை நான் மறக்கவில்லை.

புது வழியில் நான் உன் தலைக்கு மேல்கூடப் பறக்கமாட்டேன். வட துருவத்துக்கு அந்தப் பக்கம் நான் போவேன், இந்தப் பக்கம் நீ இருப்பாய். லண்டனுக்கு ஐந்து மணி நேரம் கிட்டத்தில் போவேன், உன்னிடமிருந்து அவ்வளவு தூரம் விலகிப் போவேன். எனக்கு அந்த விமானத்தை ஓட்ட ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ராத்திரியில் கண்ணை மூடினால் அதன் கருவிப் பலகைதான் தெரிகிறது. ஆனால் மாதம் ஒருமுறை நீ நிற்கிற நிலையைப் பார்த்து, முழங்கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அங்கே வருகிறேன். உடோன் சாப்பிட வருகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஒன்று செய். ஊருக்குத் திரும்பி வா. எங்களோடு இரு, அல்லது மருகாமேயில் இரு. நீ வருகிறேன் என்று எழுது, நான் மறுநாளே பெயரைக் கொடுக்கிறேன்.

தம்பி யசுனோரி


ஆங்கரேஜ்
30 ஜனவரி 1990

தம்பிக்கு,

நலம். ஊருக்குத் திரும்புவதை நல்ல முறையில் பரிசீலித்து வருகிறேன்.

அக்கா


நரிதா
6 பிப்ரவரி 1990

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஃபுசாயே வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ஷியோமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். புது விமானத்தில் பொறியாளருக்கு நாற்காலியே கிடையாது என்று உனக்குத் தெரிந்திருக்கும். இருபது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இயந்திரங்களைக் கவனித்தவர், தன் வேலை போவதைப் பற்றி ஏதோ வானிலை அறிக்கை மாதிரி சொன்னார். அப்புறம் அதே குரலில் சொன்னார்: "உங்க அக்கா கடைக்கும் ஜூனோட சரி. நிஷிவாகி அக்டோபர்லயே எல்லாருக்கும் சொல்லிட்டாராம். அவங்க உன்கிட்ட சொல்லலியா?"

அக்டோபரில். கூட்டத்துக்குக் குறைவில்லை, கிண்ணம் கழுவ நேரமில்லை என்று நீ எழுதியது நவம்பரில்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதத் தெரியவில்லை. என்னை 'ஏண்டா' என்று கேட்டாயே, இப்போது நான் கேட்கிறேன். ஏன் மறைத்தாய்? இங்கே நிற்காமல் பறக்கப்போகிற விமானங்கள்தான் உன் கவுண்டரை மூடுகின்றன. அதில் ஒன்றை நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், அதுதான் உன் ஆசையா? உன் பிழைப்பின் மேல் ஏறிப் பறக்கச் சொல்கிறாயா? என்னால் முடியாது. பரிசீலிக்கவும் மாட்டேன். இந்த முறை நேராகவே சொல்கிறேன், முடியாது.

யசுனோரி


ஆங்கரேஜ்
15 பிப்ரவரி 1990

அன்புள்ள யசுனோரிக்கு,

உன் கடிதத்தில் பருவமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. முதல் தடவையாக நீ எனக்கு எழுதிய கடிதம் மாதிரி இருந்தது. நான் நலமாகத்தான் இருக்கிறேன். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன்.

மறைத்தேன், ஆமாம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று தெரியும், அதனால் மறைத்தேன். நான் சொல்லாமலே நீ அதைச் செய்துவிட்டாய். நம் இருவரில் யார் பெரிய முட்டாள் என்று ஷியோமி அண்ணனிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்" என்றார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நீ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்த விமானம் இங்கே நிற்கப்போவதில்லை. நீ ஒதுங்கிக்கொண்டால் உன் நாற்காலியில் வேறொருவன் உட்காருவான், என் கவுண்டர் அதே ஜூனில் மூடும். இதில் உன் தியாகத்தால் எனக்கு ஒரு கிண்ணம்கூட அதிகமாக விற்காது. நிஷிவாகி முதலாளி சேதி சொன்ன அன்று வீட்டுக்குப் போகாமல், விமான நிலையத்தில் பாடம் செய்து கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிற அந்த வெள்ளைக் கரடியின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன. அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. வந்தவுடன் எழுந்து போய் மறுநாளைக்கு மாவு பிசைந்தேன்.

முகம் தெரியாத எவனோ ஓட்டி என் கடை மூடுவதற்கு, என் தம்பி ஓட்டி மூடட்டும்.

இதைவிட எனக்கு என்ன வேண்டும் சொல்? எவனோ ஒருவன் என்றால் அது எனக்கு வந்த கஷ்டம். நீ என்றால் அது எனக்கு வந்த பெருமை. பதினாறு வருஷம் ஜனங்களுக்கு நூடுல்ஸ் போட்டு, "என் தம்பி, என் தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் பேச்சுக்கு நீ இந்த ஒரு தடவை மதிப்புக் கொடு. ஊர்ப் படகில் எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்தவன், டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு ஒரே தாவாகத் தாவினான் என்று நான் சொல்லவேண்டும்.

ஊருக்குத் திரும்பமாட்டேன். அது உனக்கும் புரிந்துவிட்டது. உன் அத்தான் இங்கே இருக்கிறார். அவர் மட்டும் காரணமில்லை, எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. பயணி விமானங்கள்தான் நிற்காது, சரக்கு விமானங்கள் நிற்கும். வயிறு நிறையச் சுமை ஏற்றிக்கொண்டு அவற்றால் அவ்வளவு எண்ணெய் சுமக்க முடியாதாம், ஷியோமி அண்ணன் விளக்கினார். அவற்றை ஓட்டுகிறவர்களுக்கும் பசிக்கும். ஸ்பெனார்ட் சாலையில் ஒரு சின்ன இடம் பார்த்திருக்கிறேன். நிஷிவாகி முதலாளி பாத்திரங்களை எனக்கே விட்டுக்கொடுக்கிறார். அவர் சொன்னபடி டோக்கியோக்காரர்களுக்காக இத்தனை வருஷம் சாற்றைச் சோயா ஊற்றிக் கறுப்பாக்கினேன். என் கடையில் நம் ஊர் மாதிரி நெத்திலிக் கருவாட்டுச் சாறுதான், வெளுப்பாகத்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் சைபீரியா வழியாகப் போகட்டும்.

என்னைப் பார்க்கவேண்டும் என்றால் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, மனைவியை அழைத்துக்கொண்டு மனிதர்கள் வருகிறமாதிரி வா. வேலை நடுவில் எட்டிப்பார்க்க வேண்டாம்.

பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். மறந்துவிடாதே.

உன் அக்கா கினுயோ


நரிதா
28 மே 1990

அன்புள்ள அக்காவுக்கு,

இளந்தளிர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் காலம். மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்த மறுநாள் காலை போய்ப் பெயரைக் கொடுத்தேன். தேர்வாகும் முன் எழுதக்கூடாது என்று இருந்தேன். தோற்றுவிட்டால் உன் முன்னூறு பேருக்கு நீ என்ன சொல்வாய் என்று பயம்.

தேறிவிட்டேன்.

ஜூன் 21, வியாழக்கிழமை. டோக்கியோ–லண்டன், இடையில் நிற்பதில்லை. தலைமை விமானி நான்தான். பழைய விமானத்தில் பொறியாளரின் மூன்றாவது நாற்காலி இருந்த இடம் இதில் காலியாக இருக்கிறது. பயிற்சியின்போது பழக்கத்தில் இரண்டு முறை பின்னால் திரும்பி ஷியோமி அண்ணனிடம் எண்ணெய் அளவு கேட்டுவிட்டேன். பயிற்சி ஆசிரியர் சிரித்தார்.

அன்று நீ கவுண்டரில் இருப்பாய் என்று தெரியும். அந்த நேரத்தில் நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன் என்று எழுதினால் கிண்டல் செய்வாய். இருந்தாலும் எழுதுகிறேன். உன் கவுண்டரை மூடுகிறவன் நான்தான், அக்கா. நீ சொன்னபடியே செய்கிறேன். தலை நிமிர்ந்துதான் செய்வேன்.

இலையுதிர் காலத்தில் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். டிக்கெட் எடுத்து.

தம்பி யசுனோரி


ஆங்கரேஜ்
24 ஜூன் 1990

அன்புள்ள தம்பி யசுனோரிக்கு,

இங்கே சூரியன் இறங்குவதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விளக்குப் போடாமல் இதை எழுதுகிறேன். நான் நலம், பாத்திரங்கள் நலம், புதுக் கடையின் கூரை மட்டும் ஒரு மூலையில் ஒழுகுகிறது. ஃபுசாயேவை நான் மிகவும் கேட்டதாகச் சொல். அவளுக்கு நான் ஒரு பெரிய நன்றி சொல்லவேண்டும். எதற்கு என்று அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியவேண்டாம்.

வியாழக்கிழமை உங்கள் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சீக்கிரமே வேலைக்கு வந்தேன். துவைத்துக் கஞ்சி போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டேன். எப்போதும் உன் விமானம் வருகிற வேளையில் விமான வருகைப் பலகையின் முன்னால் போய் நின்றேன். டோக்கியோ, லண்டன் என்று ஒரு வரி இருக்குமே, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மேலே சியோல், கீழே சிகாகோ, நடுவில் கறுப்பு. நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன், தம்பி. பதினாறு வருஷத்தில் அந்தப் பலகையில் எத்தனை தடவை உன் வரியைப் படித்திருப்பேன், ஒரு நாளும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

நிஷிவாகி முதலாளி பக்கத்தில் வந்தார். "என்ன கினுயோ, ஒண்ணுமே எழுதாத எடத்தப் பாத்து சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

"என் தம்பி வரல" என்றேன்.

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஏதாவது ஆபத்தோ என்று முகம் வெளிறிவிட்டது. "வரலியா?"

"வரமாட்டான். அவன் விமானம் இங்கல்லாம் நிக்கிற விமானம் இல்ல."

அன்று கவுண்டருக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னேன். சியோல்காரர்கள், சிகாகோ போகிறவர்கள், ஜப்பானிய மொழியே தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒருவர் பாக்கியில்லை. அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். அழுவதுபோல என் முகம் இருந்திருக்கவேண்டும். துக்கம் என்று நினைத்துவிட்டார் பாவம். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

சனிக்கிழமையோடு கவுண்டர் மூடுகிறது. பூட்டுகிற சாவியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூடுகிற வேலையை நம் குடும்பம்தான் தொடங்கியது, நம் குடும்பமே முடிக்கட்டும்.

அடுத்து எப்போது லண்டன் போகிறாய் என்று தேதி எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே தெரிகிற ஆறுகளின் பெயரை ஃபுசாயேவுக்குச் சொன்னமாதிரி எனக்கும் ஒரு நாள் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

வழியில் எங்கும் நிற்காதே.

அக்கா கினுயோ